கடையத்திலிருந்து தென்மலைக்கு: காற்று நுழையும் கணவாயில் ஒரு பகல்

தென்காசி மாவட்டத்தின் தென்பகுதியில், அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கடையம். இங்கிருந்து புறப்பட்டு மலையை ஒட்டியே வடக்கே போய், குற்றாலத்தையும் செங்கோட்டையையும் கடந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்தின் தென்மலை வரை செல்லும் வழி சுமார் 60 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் தென்மலையைத் தொட்டுவிடலாம். அப்படி ஓட்டிவிடுவது இந்த வழிக்குச் செய்யும் அநியாயம். விடியற்காலையில் கிளம்பி, ஆங்காங்கே இறங்கி நின்று, இருட்டுமுன் மலையை விட்டு வெளியே வந்துவிடுவதுபோல் ஒரு முழுப் பகலை இதற்கு ஒதுக்க வேண்டும்.

மலைப்பயணம் என்றதும் கொண்டை ஊசி வளைவு, குளிர், தேயிலைத் தோட்டம் இவைதான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்த வழியில் அவை எதுவும் இல்லை. குஜராத் எல்லையருகே தொடங்கிக் குமரி வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மதில் தாழ்ந்து வழிவிடும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் பெரியது பாலக்காட்டுக் கணவாய். தெற்கே அடுத்ததாக வருவது செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய். அதற்கும் தெற்கே ஆரல்வாய்மொழி. ஆரியங்காவு வழியில் சாலை ஏறும் உயரமான இடம்கூடக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டருக்குள்தான் இருக்கும். அதே தொடரில் தெற்கே அகத்தியமலை 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. ஆகவே இங்கே கார் உயரம் ஏறுவதில்லை, மலைதான் இரு பக்கமும் எழுந்து வருகிறது. காலையில் மலையின் வறண்ட கிழக்கு முகம், மதியத்தில் நனைந்த மேற்கு முகம் என்று இரண்டையும் ஒரே பகலில் பார்த்துவிட முடிகிறது. தமிழ்நாட்டில் இவ்வளவு எளிதாக இதைக் காட்டும் சாலை வேறொன்றைச் சொல்வது கடினம்.

கடையத்தில் காலை ஆறு மணிக்குச் சூரியன் கிழக்கே வயல்வெளியில் எழும்போது அதன் முதல் வெளிச்சம் நேராக மலைமேல் விழுகிறது. பாறை முகடுகளும் அவற்றுக்கிடையே இருண்ட காட்டு மடிப்புகளும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் துலக்கமாகத் தெரியும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் நீலப் புகைக்குள் போய்விடும். ஊரின் வாழ்வே அந்த மடிப்புகளிலிருந்து இறங்கும் தண்ணீரை நம்பியது. இராமநதியும் ஜம்பு நதியும் இங்கே இறங்குகின்றன. இராமநதி அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 84 அடி. சற்றுத் தெற்கே சிவசைலத்துக்கு மேலே கடனா நதி அணை 85 அடி. இரண்டுமே சிறிய அணைகள். ஆனால் நெல்லும் தென்னையும் வாழையுமாய்ப் பச்சை விரிந்திருக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அவற்றின் நீர்மட்டம்தான் அன்றாடச் செய்தி. இந்த ஆறுகள் கடனாவோடு சேர்ந்து, திருப்புடைமருதூர் அருகே தாமிரபரணியில் கலக்கின்றன.

கடையத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. பாரதியார் 1897இல் மணந்த செல்லம்மாள் இவ்வூர்ப் பெண். புதுச்சேரியில் பத்தாண்டுகள் கழித்துவிட்டு 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் காலெடுத்து வைத்ததும் கைதான பாரதி, விடுதலை பெற்றபின் வந்து தங்கியது இங்குதான். 1920இல் சென்னைக்குப் போகும்வரை இந்த ஊரின் தெருக்களும் வயல்வரப்புகளும் அவர் நடந்த இடங்கள். ஊருக்கு வெளியே, மலையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் வில்வவனநாதர் – நித்யகல்யாணி அம்மன் கோயிலுக்கு அவர் அடிக்கடி போவார் என்று ஊரில் சொல்வார்கள். அதிகாலையில் அந்தக் கோயில் பக்கம் போய்வருபவருக்கு, ஒரு கவிஞன் அங்கே போனதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிராது.

வடக்கே திரும்புமுன் ஓரிரு மணி நேரம் தெற்கே செலவிட மனமுள்ளவர்களுக்கு இரண்டு இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. ஒன்று பொட்டல்புதூர். இங்குள்ள முகைதீன் ஆண்டவர் தர்கா திராவிடக் கோயில் கட்டட முறையில் எழுந்தது. கந்தூரி விழாவுக்கு முஸ்லிம்களோடு இந்துக்களும் திரளாக வருவார்கள். கடையத்தில் இருந்த நாட்களில் பாரதி இந்த ஊருக்கு வந்து இஸ்லாம் மார்க்கத்தின் பெருமை குறித்துப் பேசியிருக்கிறார். மற்றொன்று ஆழ்வார்குறிச்சியை அடுத்த சிவசைலம். கடனா நதிக் கரையில், மேற்கு நோக்கி அமைந்த சிவசைலநாதர் கோயில். எழுந்து நிற்கப் போவதுபோல் ஒரு காலை ஊன்றியிருக்கும் நந்தியைப் பார்ப்பதற்கென்றே வருபவர்கள் உண்டு. பின்னணியில் மலை மிக அருகில் நிற்கும்.

கடையத்திலிருந்து தென்காசிச் சாலையில் வடக்கே போனால் இடது கைப்பக்கம் முழுதும் மலை, வலது கைப்பக்கம் குளங்களும் வயல்களும். மாதாபுரத்தருகே தொடரிலிருந்து பிரிந்து, தனியே படுத்த யானைபோல் ஒரு பாறைமலை வருகிறது. அதுதான் தோரணமலை. உச்சியில் குகையில் முருகன் கோயில். சுமார் ஆயிரம் படிகள் ஏற வேண்டும். அகத்தியரும் அவர் மாணவர் தேரையரும் இருந்து மருத்துவம் ஆய்ந்த இடம் என்பது மரபு. மேலே பாறைச் சுனைகள் இருக்கின்றன. முழங்கால் ஒத்துழைப்பவர்கள் வெயிலுக்கு முன் ஏறிவிட்டால், கிழக்கே பாவூர்ச்சத்திரம் வரை விரியும் சமவெளியும் மேற்கே காடும் ஒரே பார்வையில் கிடைக்கும். தென்காசி வட்டாரத்து நிலவமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல மேடை இல்லை.

இந்த அடிவாரச் சாலைக்கு மேலே இருப்பது சாதாரணக் காடு அல்ல. 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். கடையம் அதன் வனச்சரகங்களில் ஒன்றின் பெயர். யானையும் கரடியும் சிறுத்தையும் காட்டை விட்டு இறங்கித் தோப்புகளுக்குள் வருவது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் பழகிப்போன கவலை. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. சாலையோரம் வண்டியை நிறுத்திக் காட்டுக்குள் நடந்துபோய்ப் படம் எடுப்பது இந்த வழியில் வேண்டவே வேண்டாம். சாலையிலிருந்தே தெரிவது போதும்.

தென்காசியை எட்டுமுன் இடது புறம் திரும்பும் சாலை பழைய குற்றாலத்துக்குப் போகிறது. குற்றாலத்தின் கதையை இங்கிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். ஏனெனில் இங்கே வந்ததும் காற்று மாறிவிடும். ஜூன், ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து வருபவர்கள் இதை உடம்பாலேயே உணர்வார்கள். பாளையங்கோட்டையில் கொளுத்தும் வெயில். 50 கிலோமீட்டர் மேற்கே வந்தால் தூறல், குளிர்ந்த காற்று, மலைமேல் மேகம். காரணம் கணவாய்தான்.

ஜூன் தொடக்கத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து மழையாகிறது. அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. இறங்கும்போது வெப்பமும் ஏறுகிறது. இதனால்தான் கோடையிலும் ஆடியிலும் திருநெல்வேலிச் சீமையின் பெரும்பகுதி மழை மறைவில் கிடக்கிறது. அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். ஆனால் ஆரியங்காவில் மலை தாழ்ந்திருக்கிறது. ஏறி இறங்க வேண்டிய கட்டாயம் இல்லாத காற்று, ஈரத்தைச் சுமந்தபடியே அந்த இடைவெளி வழியாக நுழைந்து கிழக்கே விசிறிப் பரவுகிறது. செங்கோட்டை, குற்றாலம், தென்காசி, இலஞ்சி, பண்பொழி இவ்வூர்களுக்கு அது சாரலாய் வந்து சேர்கிறது. மழையென்று குடை பிடிக்கவும் முடியாது, இல்லையென்று வெளியே நிற்கவும் முடியாது. அப்படியொரு மென்துளி. கிழக்கே போகப்போகத் துளி மறைந்து வெறுங்காற்று மட்டும் மிஞ்சும். அந்தக் காற்றைப் பிடிக்கத்தான் சமவெளியில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன.

குற்றால அருவிகளைத் தாங்குவது சிற்றாறு. மலைமேல் தேனருவியாக விழுந்து, செண்பகாதேவி அருவியாக இறங்கி, கடைசியில் ஊருக்கு நடுவே பேரருவியாகக் கொட்டுகிறது. பேரருவி பாறை முகட்டிலிருந்து நேராகத் தரைக்கு வருவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. இவ்வளவு உயரமான அருவியின் கீழே ஆட்கள் தலையைக் கொடுத்து நிற்க முடிவது அந்தக் குழியினால்தான். ஐந்தருவி சற்று வடக்கே தனி ஓடையில் ஐந்து கிளையாக விழுகிறது. பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று இன்னும் சில. தேனருவிக்கும் செண்பகாதேவிக்கும் போகும் காட்டுவழியில் வனத்துறை அனுமதியின்றிச் செல்ல முடியாது. சீசன் என்று இங்கே சொல்வது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடமும் வரிசையும் உண்டு. வார நாட்களில் காலை ஏழு மணிக்குள் போனவர்கள் பாக்கியசாலிகள்.

குளித்துவிட்டு உடனே கிளம்பிவிடுவது குற்றாலம் வருபவர்களின் வழக்கம். அருவியின் காலடியிலேயே இருக்கும் குற்றாலநாதர் கோயிலையும் சற்றுத் தள்ளி உள்ள சித்திர சபையையும் தவறவிடுவது பெரிய இழப்பு. நடராசரின் ஐம்பெரும் சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு இரத்தினம். குற்றாலத்தில் ஆடும் இடம் ஓவியம். தெப்பக்குளத்தை அடுத்த அந்த மர மண்டபத்தின் சுவர்களில் கடவுளர் கதைகள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி இந்த மலையின் குரங்கையும் அருவியையும் மூலிகையையும் குறத்தி வாயால் பாட வைத்தது. இருபதாம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியேறி, தம் வீட்டை இலக்கிய நண்பர்கள் கூடும் இடமாக்கினார். 1954இல் மறையும்வரை அவர் இங்கேதான் வாழ்ந்தார். சீசன் நேரத்தில் பேரருவிச் சாலைக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே இந்த அடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். தென்கிழக்காசியப் பழ மரங்களுக்கும் இந்த ஈரம் ஒத்துப்போனது.

தென்காசி நகருக்குள் ஓர் அரை மணி நேரம் போதும், அதுவும் காசி விசுவநாதர் கோயில் கோபுரத்துக்காக. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் இது. பழைய கோபுரம் சிதைந்து பல்லாண்டுகள் மொட்டையாய் நின்றது. இன்று நிற்கும் ஒன்பது நிலை இராஜகோபுரம், 1990இல் குடமுழுக்குக் கண்டது. உயரம் சுமார் 180 அடி. அதன் வாசலைக் கடந்து உள்ளே போகும்போது எதிர்க்காற்று முகத்தில் அறையும், சில அடிகள் தாண்டியதும் பின்னாலிருந்து தள்ளும். கணவாய்க் காற்று மனிதர் கட்டிய கல்லோடு விளையாடுவதை இந்த வாசலில் நின்று பார்க்கலாம்.

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு எட்டு கிலோமீட்டர். இடையில் வருவது பிரானூர். ஊர்ப்பெயரோடு ‘பார்டர்’ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கேரள எல்லை இங்கேதானா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரு காலத்தில் எல்லை இங்கேதான் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது; பிரானூருக்கு இப்பால் பிரிட்டிஷ் இந்தியா. மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. காட்டுப் பகுதியான ஆரியங்காவும் தென்மலையும் கேரளத்தோடு நின்றன. எல்லை மேற்கே மலைக்குள் நகர்ந்து எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஆனால் பார்டர் பிரானூரிலேயே இருக்கிறது. மலையிலிருந்து வரும் மரத்தை அறுக்கும் மில்கள் சாலையின் இருபுறமும் நிற்கின்றன. மதியச் சாப்பாட்டுக்கு நேரம் சரியாக வந்தால் இங்கே இறங்கலாம். பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும் பிச்சுப்போட்ட கோழியும் சாப்பிடுவதற்கென்றே மதுரையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

செங்கோட்டை, வாஞ்சிநாதன் பிறந்த ஊர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட அந்த இளைஞர், ஆட்சி வரம்பின்படி திருவிதாங்கூர் மகாராஜாவின் குடி, அங்கே வனத்துறையில் வேலை பார்த்தவர். ஊருக்குள் அவர் நினைவிடம் இருக்கிறது. இறங்கி வணங்கிவிட்டுப் போகலாம்.

செங்கோட்டைக்கு மேற்கே திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 மலையை நோக்கித் திரும்புகிறது. புளியரை வரை இருபுறமும் நெல்வயல்கள். மூன்று பக்கமும் மலை சூழ்ந்திருக்க, நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. இந்த முழு வழியிலும் கண் அதிகம் நிற்க விரும்பும் இடம் எது என்று கேட்டால், அருவிகளை விட்டுவிட்டு இந்த வயல்களைத்தான் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் மேகம் வயல்மட்டத்துக்கே இறங்கி வரும். புளியரை செக்போஸ்டைத் தாண்டியதும் ஏற்றம். ஊரார் ‘எஸ் வளைவு’ என்று சொல்லும் திருப்பத்தில் கவனம் தேவை. வைக்கோல், காய்கறி, கோழி, சிமென்ட், ஜல்லி என்று தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போகும் சரக்கு ஏராளமாக இந்தச் சாலையில் ஏறுகிறது. பாரம் ஏற்றிய டிப்பர் லாரிகள் எதிரும் புதிருமாய் வளைவை அடைத்துக்கொண்டு நிற்பது அன்றாடக் காட்சி. மலையைக் குடைந்து எடுத்த கல்லும் மணலும் இவ்வளவு வேகமாக எல்லை கடந்து போவதைப் பார்க்கும் எவருக்கும் மனம் உறுத்தும். தென்காசி மாவட்டத்தில் இதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன, அவை நியாயமானவை.

ஏற்றத்தின் முடிவில் கோட்டைவாசல். இங்கேதான் இன்றைய மாநில எல்லை. கருப்பசாமி கோயிலுக்கு முன் லாரிக்காரர்கள் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். எல்லைக் கல்லைவிட மரங்கள்தான் இங்கே எல்லையைச் சொல்கின்றன. இதுவரை முள்ளும் புதருமாய், கோடையில் இலை உதிர்த்து நிற்கும் காடு. இதற்குப் பிறகு தேக்கு, மூங்கில், கொடிகள் பின்னிய அடர்ந்த ஈரக்காடு. ஓடைகளும் திசை மாறிவிடும். புளியரைக்குக் கிழக்கே விழும் துளி சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. கோட்டைவாசலுக்கு மேற்கே விழும் துளி கல்லடை ஆற்றில் இறங்கி, அஷ்டமுடிக் காயல் வழியாக அரபிக்கடலை அடைகிறது.

முதலில் வரும் ஊர் ஆரியங்காவு. சாலைக்குக் கீழே, பள்ளத்தில் ஐயப்பன் கோயில். சபரிமலையில் பிரம்மச்சாரியாக இருப்பவர் குளத்துப்புழையில் குழந்தை, ஆரியங்காவில் மணக்கோலத்தில் இருப்பவர். மணமகள் புஷ்கலா தேவி மதுரைச் சௌராஷ்டிரர் வீட்டுப் பெண் என்பது தலபுராணம். அதனால் மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வந்து, சம்பந்தி மரியாதை பெற்றுப் போகிறார்கள். மாநில எல்லையும் மொழி எல்லையும் தாண்டிய ஓர் உறவு, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. இந்தக் கணவாய் வழியே மிளகும் மரமும் மட்டும் போய்வரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆரியங்காவிலிருந்து காட்டுக்குள் சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளி பாலருவி. கட்டணம் செலுத்திக் கேரள வனத்துறை வண்டியில்தான் போக முடியும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறையில் பட்டு வெண்மையாய் இறங்கும் இந்த அருவியில், குற்றாலத்தின் கடைவீதியும் நெரிசலும் இல்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் வந்து நீராடிய காலத்துக் கல்மண்டபம் இன்னும் நிற்கிறது. கோடையில் நீர் வற்றினாலும், பெருமழையில் வெள்ளம் வந்தாலும் மூடிவிடுவார்கள்.

ஆரியங்காவிலிருந்து தென்மலை வரை சாலைக்குத் துணையாக ரயில் தடம் வந்துகொண்டே இருக்கும், சில இடங்களில் தலைக்கு மேலே, சில இடங்களில் காலுக்குக் கீழே. கொல்லம் துறைமுகத்தைச் சென்னை மாகாணத்தோடு இணைக்கத் திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து போட்ட தடம் இது. 1904இல் முழு வழியும் திறந்தது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் சுரங்கங்களும் பாலங்களும் அடுத்தடுத்து வருகின்றன. சுரங்கங்களில் நீளமானது, எல்லைக்குக் கீழே பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மலையைத் துளைத்துப் போகிறது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010இல் மீட்டர்கேஜ் ரயில் நிறுத்தப்பட்டது. எட்டு ஆண்டுகள் இந்தத் தடத்தில் விசில் சத்தமே இல்லை. 2018இல் மீண்டும் ரயில் ஓடியபோது, இரு பக்கத்து ஊர்களும் அதைத் திருவிழாவாகவே கொண்டாடின.

கழுதுருட்டி அருகே எல்லா வண்டிகளும் தாமாகவே நின்றுவிடும். அங்கேதான் பதிமூன்று கண் பாலம். கருங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டு எழுந்த பதிமூன்று வளைவுகள், நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். பாலத்தின் அடியில் ஆறு, பக்கத்தில் நெடுஞ்சாலை, மேலே தடம். வளைந்து ஏறும் மலைச்சரிவுக்கும் தடத்துக்கும் இடையே மண்மேடு போட்டிருந்தால் அடுத்த மழையிலேயே கரைந்திருக்கும் என்று கண்டுதான் பொறியாளர்கள் கண் வைத்த பாலத்தைக் கட்டினார்கள் போலும். நூற்றாண்டைத் தாண்டிய பிறகும், வலுப்படுத்தப்பட்டு, அகலப்பாதை ரயிலையும் அதே தூண்கள் தாங்குகின்றன. பாலத்தை ரயில் கடக்கும் நேரத்தை அருகிலுள்ள தேநீர்க் கடையில் கேட்டால் சொல்வார்கள். அரை மணி காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

தென்மலை, பயணத்தின் மேற்கு முனை. இந்தியாவில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட முதல் சூழல் சுற்றுலாத் தலம் என்று கேரள அரசு இதை அறிமுகப்படுத்துகிறது. கல்லடை நீர்ப்பாசனத் திட்டத்தின் அணை இங்கே இருக்கிறது. அணைக்குப் பின்னே விரியும் நீர்ப்பரப்பைச் சுற்றி, 1984இல் அறிவிக்கப்பட்ட செந்துருணி வனவிலங்குச் சரணாலயம். இந்தக் காட்டின் செங்குறிஞ்சி மரம்தான் சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்தது. அகத்தியமலைப் பகுதி தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் அது. நேரமிருப்பவர்கள் பத்துக் கிலோமீட்டரளவு தெற்கே குளத்துப்புழைக்குப் போய், கோயில் ஆற்றில் பக்தர்கள் பொரி போட்டு வளர்க்கும் மீன்களைப் பார்க்கலாம். இன்னும் மேற்கே புனலூரில், ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கல்லடை ஆற்றின்மீது 1877இல் கட்டி முடித்த தூக்குப்பாலம் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்கள் தென்மலையிலேயே வண்டியைத் திருப்பிவிடுவது நல்லது.

திரும்பும்போது அதே சாலை வேறொன்றாகத் தெரியும். மதியத்துக்குப் பின் வெயில் மேற்கிலிருந்து விழ, காலையில் இருண்டிருந்த சரிவுகள் இப்போது பளிச்சிடும். செங்கோட்டையிலிருந்து வடக்கே சற்று விலகினால் பண்பொழியில் திருமலைக் குமாரசுவாமி கோயில். உச்சி வரை கார் போகும் பாதை உண்டு. மேலிருந்து கீழே பார்த்தால் குளங்களும் வயல்களும் தென்னந்தோப்புகளும் கட்டம் கட்டமாய்த் தெரியும். பக்கத்திலேயே 36 அடி மட்டுமே உயரமுள்ள குண்டாறு அணை. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மாவட்டத்தில் முதலில் நிரம்பும் அணை பெரும்பாலும் இதுதான். மேக்கரையில் 132 அடி உயர அடவிநயினார் அணை. ஜூலை இறுதியும் ஆகஸ்டும் என்றால், தென்காசிக்குக் கிழக்கே சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போகலாம். மஞ்சள் வயலுக்குப் பின்னால் நீல மலை நிற்கும் காட்சிக்காகக் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வயல் விவசாயியுடையது. உள்ளே இறங்கிச் செடியை மிதித்தால் அவர் வயிற்றில் அடித்ததாகும்.

இந்தப் பயணத்துக்கு ஏற்ற மாதங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அக்டோபர் கடைசியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. அப்போது அருவிகளில் தண்ணீர் ஏராளம், குளிக்கத் தடையும் அடிக்கடி. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலை செல்லும் வண்டிகளால் சாலை நிறைந்திருக்கும். வாடகைக் கார் என்றால் கேரளத்துக்குள் போகப் பெர்மிட் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆரியங்காவுக்கு அப்பால் பல இடங்களில் செல்போன் சிக்னல் இராது. மாலை ஐந்து மணிக்குள் கோட்டைவாசலைத் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டால் லாரி நெரிசலையும் காட்டு விலங்குகளின் நடமாட்டத்தையும் தவிர்க்கலாம்.

கடைசியாக அருவிகளைப் பற்றி. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் ஆகியவற்றைக் குற்றால அருவிகளில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே சிற்றாற்றுப் பாசன ஊர்களுக்குப் போகிறது. தடையை மதிக்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மலைமேல் பெய்த கோடை மழையால் திடீரென வெள்ளம் இறங்கி, குளித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த மலையில் அப்படித்தான் நடக்கும். மேலே காட்டில் எங்கோ பெய்த மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே சில நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ யாரும் சொல்லக் காத்திராமல் வெளியேறுங்கள். காவலர் விசில் ஊதினால் துண்டையும் செருப்பையும் தேடாமல், முதலில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கரையேறுங்கள்.